திரு இருதயப் படம் போன இரு வழிகள்

மதுரைக்கு மேற்கே தேனிச் சாலையில் அமைந்துள்ள நாகமலை புதுக்கோட்டையின் பெயரிலேயே பழைய சமயப் பகை ஒன்றின் ஏளனம் பொதிந்திருக்கிறது. சமணர் வேள்வி செய்து மதுரையின் மேல் ஏவிய மாயப் பாம்பு பாண்டியன் அம்பால் வீழ்ந்து நாகமலையாயிற்று என்றும், அவர்கள் ஏவிய மாயப் பசு பசுமலையாகவும், மாய யானை யானைமலையாகவும் கிடக்கின்றன என்றும் திருவிளையாடற் புராண மரபு கூறுகிறது. சமணத் துறவியர் தங்கியிருந்த குன்றுகள் நகரைச் சூழ்ந்து நிற்பதை மறைக்க முடியாத நிலையில், அந்தக் குன்றுகளையே அவர்களது தோல்விக்குச் சான்றாக மாற்றிக்கொண்ட கதை இது. நாகமலை புதுக்கோட்டைக்கு அருகில், கீழக்குயில்குடியில் உள்ள சமணர்மலையில் இதைவிடச் சாதுவான மாற்றம் ஒன்றைக் காணலாம். 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டோடு அமைந்த தீர்த்தங்கரர் சிற்பத்தின் நீண்ட காதுகளைப் பார்த்த ஊர் மக்கள் அவரை ஒரு செட்டியாராகக் கண்டனர். சிற்பம் உள்ள குகைக்குச் செட்டிப்புடவு என்ற பெயர் நிலைத்துவிட்டது. முற்றும் துறந்தவர் வணிகராக்கப்பட்டதில் பகையும் இல்லை, பக்தியும் இல்லை. உருவத்தை உற்றுப் பார்த்தவர்களின் இயல்பான குறும்பு மட்டுமே இருக்கிறது.

ஒருவர் வணங்கும் உருவத்தை இன்னொருவர் எடுத்து வேறு பொருளில் ஆள்வது இந்தச் சமவெளியில் பல நூற்றாண்டுப் பழக்கம் என்பதற்கு இவை சான்று. இதே நிலத்துக்குக் கத்தோலிக்க உருவங்கள் வந்து சேர்ந்து 400 ஆண்டுகளுக்கு மேலாகிறது. உலகின் வேறு பகுதிகளில் அதே உருவங்களை வைத்து 20ஆம் நூற்றாண்டின் கலைஞர்கள் எள்ளலும் அங்கதமும் நிறைந்த படைப்புகளைச் செய்தனர். விளம்பரம், நாளிதழ்ப் புகைப்படம், பொட்டலத் தாள், மலிவு அச்சுப்படம் ஆகியவற்றின் வண்ணத்தையும் தொனியையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்த ‘பாப்’ கலையும், கடையிலும் குப்பையிலும் கிடைத்த பொருள்களை ஒன்றோடொன்று பொருத்திப் புதிய உரு ஆக்கும் ‘அசெம்பிளாஜ்’ என்ற ஒட்டுச்சேர்க்கைக் கலையும் அவர்களது கருவிகளாயின. மதுரைப் பக்கத்தில் அவ்வகைக் கலை ஏன் கிளைக்கவில்லை, கிளைக்க வேண்டிய அங்கதம் எங்கே போயிற்று என்பதை அறிய ஒரே ஒரு படத்தின் வழியைத் தொடர்ந்து செல்வது உதவும். அது மார்பில் தீ எரியும் இருதயத்தைச் சுட்டிக்காட்டி நிற்கும் திரு இருதய ஆண்டவரின் படம்.

பிரான்சு நாட்டின் பரே-லெ-மோனியால் என்ற சிற்றூரில் மார்கரெட் மரியா அலக்கோக் என்ற கன்னியர் 1673க்கும் 1675க்கும் இடையே கண்டதாகச் சொன்ன காட்சிகளிலிருந்து இந்தப் பக்தி பரவியது. அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தவர் கிளாத் தெ லா கொலம்பியேர் என்ற சேசு சபைக் குரு என்பதால், தொடக்கத்திலிருந்தே இது அந்தச் சபையின் அன்புக்குரிய பக்தியாயிற்று. முள்முடி சுற்றிய, ஈட்டியால் குத்துண்ட, உச்சியில் சிலுவையும் சுவாலையும் உடைய இருதயம் முதலில் தனிச் சின்னமாகவே வரையப்பட்டது. அதைக் கையில் ஏந்தி, பார்ப்பவரை நேராக நோக்கும் அழகிய இளைஞராகக் கிறிஸ்துவைத் தீட்டியவர் பொம்பேயோ பத்தோனி. ரோமில் சேசு சபையாரின் தலைமைக் கோவிலுக்காக 1767இல் அவர் வரைந்த படமே பிற்கால அச்சுப்படங்கள் பலவற்றுக்கு மூலம். அது வரையப்பட்ட 6 ஆண்டுகளில், 1773இல், சேசு சபையே கலைக்கப்பட்டது. சபை இல்லாத 41 ஆண்டுகளும் படம் மட்டும் பிழைத்திருந்து, 1814இல் சபை மீண்டபோது அதன் கொடியைப் போல முன்னே சென்றது.

இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து தொடங்கிய பழைய மதுரை மறைப்பணிக்கு இந்தப் படம் தெரியாது. துறவியின் காவியும் சந்தனமும் தரித்து, உயர்குலத்தார் ஏற்கும் வடிவில் மறையைச் சொல்ல முயன்ற நோபிலிக்கு உருவங்களைவிடச் சொற்களே முதன்மையாக இருந்தன. உருவத்தைத் தமிழ்ப்படுத்தும் துணிவு அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவரிடம் வெளிப்பட்டது. அவர் கோணான்குப்பத்தில் நிறுவிய மரியாளின் சுரூபம், அதாவது கோவிலில் வைத்து வணங்கும் திருவுருவம், தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் குழந்தையை ஏந்தி நிற்கிறது. மாதாவுக்குப் பெரியநாயகி என்ற பெயரையும் அவர் சூட்டினார். சிவன் கோவில் அம்மன்களுக்கு உரிய பெயரை எடுத்துக் கன்னி மரியாளுக்கு இட்டது, மலைகளுக்குக் கதை சொன்ன புராணத்தின் உத்திக்கு நெருங்கிய உத்திதான். ஆனால் இங்கே ஏளனம் இல்லை. சொந்தம் கொண்டாடும் ஆசை மட்டுமே உண்டு. அங்கதம் எழுதத் தெரியாதவர் அல்லர் வீரமாமுனிவர் என்பதை அவர் எழுதிய கதையில் வரும் பரமார்த்த குருவும் அவருடைய மட்டிச் சீடர்களும் காட்டுவார்கள். அவர் குருவைக் கேலி செய்தார், உருவத்தைத் தொடவில்லை. இந்தப் பிரிவினை தற்செயலானது அன்று என்பது போகப் போகத் தெரியும்.

புதிய மதுரை மறைப்பணி பிரெஞ்சு சேசு சபையாரால் 1838இல் தொடங்கியது. காலராவும் வெயிலும் 1840களில் அவர்களில் பலரைப் பலிகொண்டன; அவர்கள் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் அங்கே குருமடங்களில் உரக்க வாசிக்கப்பட்டன. தென் பிரான்சின் வால் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த இளம் சேசு சபையார் மதுரைக் கடிதங்களைக் கேட்டு, படிப்பை விட்டுக் கப்பலேறத் துடித்தார்கள். அவர்களை அமைதிப்படுத்த வேண்டிய பொறுப்பில் இருந்த பிரான்சுவா சேவியர் கொத்ரெலே 1844 டிசம்பர் 3ஆம் நாள், சவேரியார் திருநாளன்று, படிக்கும் இடத்திலிருந்தபடியே அன்றாட வேலையையும் செபத்தையும் மறைப்பணிக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்று அறிவுறுத்தினார். அந்த ஓர் உரையிலிருந்து பிறந்த செப இயக்கம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் திரு இருதய பக்தியோடு இணைந்து, ‘திரு இருதயத் தூதன்’ என்ற பெயரில் பல மொழிகளில் இதழ்களை வெளியிட்டு, அந்தப் படத்தை உலகின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுசென்றது. மதுரைச் சமவெளியின் வெயில் இல்லாவிட்டால் அந்தப் படம் இவ்வளவு தூரம் பரவியிருக்குமா என்று கேட்பது மிகையாகாது.

படத்தின் பரவலுக்குப் பக்தி மட்டும் போதாது. அச்சுத் தொழில்நுட்பம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசின் சேன்-சுல்பீஸ் கோவிலைச் சுற்றியிருந்த கடைகள் சாந்துச் சுரூபங்களையும், ஓரத்தில் பின்னல் வேலைப்பாடு வெட்டிய சிறு புனிதர் படங்களையும் ஆயிரக்கணக்கில் செய்து விற்றன. ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, ஒரே இளஞ்சிவப்புக் கன்னமும் ஒரே நீல மேலாடையும் பூசப்பட்ட அந்த உருவங்களை உயர்ந்த இரசனை உடையோர் அப்போதே பழித்தனர். ‘சேன்-சுல்பீஸ் பாணி’ என்பது பிரெஞ்சு மொழியில் இன்றும் கலையழகற்ற பக்திப் பொருளுக்கான வசைச்சொல். பின்னாளில் பாப் கலைஞர்கள் தேடி எடுத்துக்கொண்டது துல்லியமாக இந்த அழகற்ற அழகைத்தான்.

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில் உள்ள இடைக்காட்டூரில் 1894இல் பெர்தினாந்து செல் என்ற பிரெஞ்சுக் குரு எழுப்பிய திரு இருதய ஆலயம், இந்தப் பரவலின் மிகப்பெரிய அடையாளமாக வயல்வெளியின் நடுவே நிற்கிறது. பிரான்சின் ரேம்சு பேராலயத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட இக்கோவிலில், அங்கே கல்லில் செதுக்கப்பட்ட கூர்மாடங்களும் பூவேலைகளும் இங்கே அச்சில் வார்த்துச் சுட்ட செங்கல்லாகவும் சுடுமண்ணாகவும் மாறியுள்ளன. பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய பேராலயத்தைச் சிவகங்கைச் சீமையின் களிமண்ணில் மறுபடி செய்ததை இன்றைய கலை விமர்சகர் பார்த்தால் அதற்கு ஏதாவது ஒரு கலைச்சொல்லைச் சூட்டாமல் விடமாட்டார். கட்டியவருக்கும் செங்கல் சுட்டவர்களுக்கும் அது நேர்த்திக்கடன் மட்டுமே.

1899 ஜூன் 11ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் லியோ மானிடகுலம் முழுவதையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். அதன்பின் 1907இல் மத்தேயோ கிராலி-போவே என்ற குரு தொடங்கிய இயக்கம், ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் படத்தை அரியணை ஏற்றும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் படத்தை மந்திரித்து மாட்டுவது, முன்னே சிறு சிவப்பு விளக்கு எரிய விடுவது, முதல் வெள்ளிகளில் நற்கருணை வாங்குவது, ஜூன் மாதத்தை வணக்க மாதமாக ஆசரிப்பது ஆகியவை வேரூன்றின. பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த படங்களின் இடத்தைப் பின்னர் சிவகாசி பிடித்துக்கொண்டது. தீப்பெட்டித் தொழிலைக் கற்க 1922இல் கல்கத்தா சென்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய ஆலைகளுக்கு லேபிள் அச்சிட வேண்டியிருந்ததால் அங்கே கல்லச்சு வளர்ந்தது. லேபிள் அச்சிட்ட எந்திரங்களே பின்னர் நாட்காட்டி அச்சிட்டன. அந்த நாட்காட்டிகளுக்குப் படம் வரைந்தவர்களின் தலைமகன் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898-1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதிவந்த அவரும் அவருடைய மாணவர்களும், தெய்வம் பார்ப்பவரை நேரே நோக்கி அருள் தரும் நிலையை நாடக மேடையின் ஒளியோடு அமைத்தார்கள். சிவகாசி அச்சகங்களுக்குச் சமய வேறுபாடு கிடையாது. முருகனுக்குப் பூசிய அதே ரோஜா வண்ணமும் தங்கப் பொடியும் திரு இருதய ஆண்டவருக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் கிடைத்தன. மார்பைப் பிளந்து இராமரைக் காட்டும் அனுமன் படமும், மார்பில் இருதயத்தைச் சுட்டும் கிறிஸ்து படமும் ஒரே கடையில் அடுத்தடுத்துத் தொங்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒன்றைப் பார்த்துப் பழகிய கண் மற்றொன்றை எளிதில் ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

ஒட்டுச்சேர்க்கை என்பது இங்கே கலைக்கூடத்தில் பிறக்கவில்லை, பேருந்தின் முகப்பில் பிறந்தது. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்தில் அடக்கிய மும்மதப் படம், அதைச் சுற்றி மினுக்கும் சீரியல் பல்பு, மேலே கதம்பம், கீழே எலுமிச்சம்பழம், பக்கத்தில் ஒரு நடிகரின் ஸ்டிக்கர் என்று ஓட்டுநர் அமைக்கும் சிறு பீடத்தை மேலைநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிக்குள் வைத்தால் அதற்கு ஆண்டும் தலைப்பும் கிடைத்துவிடும். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருள்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. வெள்ளியில் தட்டிய கண், கை, கால் உருவங்களும், வீடு கட்டி முடித்தவர் தந்த சிறு வீடும், தேர்வில் தேறியவர் தந்த பொருளும், நன்றிக் கடிதங்களும் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. மாதாவுக்குச் சேலை மாற்றுவதும் தேருக்கு விளக்குக் கட்டுவதும் சுரூபத்தின் கழுத்தில் ரூபாய் நோட்டு மாலை போடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. பொருத்துவதும் ஒட்டுவதும் அடுக்குவதும் அனைத்தும் உண்டு. எள்ளல் மட்டும் இல்லை.

அதே திரு இருதயப் படம் கொலம்பியாவில் வேறு விதியைச் சந்தித்தது. 1899இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் நடந்த ‘ஆயிரம் நாள் போர்’ என்ற உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், 1902 ஜூன் 22ஆம் நாள், நாடு முழுவதும் அரசு ஆணைப்படி திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. அமைதிக்கான நேர்ச்சையாகப் பொகோட்டாவில் ஒரு கோவிலும் எழுந்தது. குடியரசுத் தலைவர் ஆண்டுதோறும் அந்த ஒப்புக்கொடுத்தலைப் புதுப்பிக்கும் வழக்கம், அதற்கு ஆதாரமான சட்டத்தை 1994இல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாதென அறிவிக்கும்வரை நீடித்தது. இங்கே வீட்டுச் சுவரில் குடும்பத்தைக் காத்த படம் அங்கே அரசின் சின்னமாயிற்று. அரசின் சின்னமான எதுவும் அங்கதக்காரரின் கைக்குத் தப்புவதில்லை. மெதெயின் நகரின் ஹுவான் கமிலோ உரிபே (1945-2005) கடைகளில் கட்டுக்கட்டாக விற்ற புனிதர் படங்களை வாங்கி, வெட்டி, மடித்து, மீண்டும் மீண்டும் ஒட்டிப் புதிய காட்சிகளைச் செய்தார். ஒரே முகம் பலமுறை அடுக்கப்படும்போது அருள்நோக்கு மெல்ல வணிக முத்திரையாக மாறுவதைப் பார்ப்பவர் உணராமல் இருக்க முடியாது.

அவருக்கு மூத்தவரான பெயாத்ரிஸ் கொன்சாலஸ் 1932இல் புகராமங்கா என்ற ஊரில் பிறந்தவர். காலி நகரின் மொலினாரி அச்சகம் வெளியிட்ட மலிவுப் படங்கள் அவருக்கு அட்சய பாத்திரமாக இருந்தன. சிவகாசிப் படங்களை ஒருவர் சேகரித்துக் கலையாக்கினால் என்ன நடக்குமோ அது அங்கே நடந்தது. 1970இல் அவர் கடைத்தெருவில் கிடைத்த ஓர் இரும்புக் கட்டிலை எடுத்து, மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் தகடு ஒன்றைப் பொருத்தி, கதவுக்கும் சன்னலுக்கும் அடிக்கும் எனாமல் பெயின்ட்டால் பொகோட்டாவின் மொன்செராத்தே குன்றிலுள்ள விழுந்த ஆண்டவரை வரைந்தார். சிலுவையின் பாரத்தில் சாய்ந்த கிறிஸ்துவின் அந்தச் சுரூபத்தைக் காணப் பக்தர்கள் கூட்டங்கூட்டமாகக் குன்றேறுவது வழக்கம். ஸ்பானிய மொழியில் பழமும் பூச்சாடியும் கொண்ட அசையாப் பொருள் ஓவியத்தை ‘இறந்த இயற்கை’ என்பார்கள். கட்டிலுக்கு அவர் வைத்த பெயர் ‘ஏறத்தாழ இறந்த இயற்கை’. சொல்லின் நகைப்பு முதலில் தாக்குகிறது. ஆனால் நடுத்தரக் குடும்பத்தின் படுக்கையறையில் தலைமாட்டில் தொங்கிய படம் கட்டிலிலேயே வந்து படுத்துக்கொண்டதைப் பார்க்கப் பார்க்க, சிரிப்பு கலைஞருடைய ஏளனமா, அன்பா என்று பிரிக்க இயலாமல் போகிறது. அவருடைய படைப்பின் வலிமை இந்தப் பிரிக்க இயலாமையில்தான் இருக்கிறது.

அர்ச்சென்டினாவின் லெயோன் ஃபெராரியிடம் இந்த மயக்கம் இல்லை. கோவில்களுக்குச் சுவரோவியம் தீட்டிய தந்தைக்குப் பிறந்த அவர், சமயப் பொருள் கடையில் விற்கும் பாடுபட்ட சுரூபம் ஒன்றை, அதாவது சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவத்தை, அமெரிக்கப் போர் விமானத்தின் மாதிரி ஒன்றில் சிலுவைக்குப் பதிலாகப் பொருத்தி 1965இல் வியட்நாம் போரைக் கண்டித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘மேற்கத்திய கிறிஸ்தவ நாகரிகம்’. புவெனோஸ் ஐரிசின் தி தெல்லா நிறுவனம் விமானத்தைக் காட்சிக்கு வைக்கவில்லை. 2004இல் அந்நகரில் அவருடைய பெருங்காட்சி நடந்தபோது, அதைத் தெய்வ நிந்தனை என்று கண்டித்தவர் அன்றைய பேராயர் ஹோர்கே பெர்கோலியோ. காட்சி நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டு மேல்முறையீட்டில் திறக்கப்பட்டது. 2007இல் ஃபெராரிக்கு வெனிஸ் பியனாலேயின் தங்கச் சிங்க விருது கிடைத்தது. 2013இல் பெர்கோலியோ திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார். திரு இருதயப் படத்தை உலகெங்கும் கொண்டுசென்ற அதே சபையைச் சேர்ந்தவர் அவர் என்பதை வரலாறு தன் போக்கில் வைத்த குறும்பாகக் கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலீசில் துறவற உடையோடு பட்டுத்திரை அச்சுப்படம் செய்த கொரீட்டா கென்ட் 1964இல் மாதாவைத் தக்காளி டப்பா விளம்பரத்தின் சொல்லால் புகழ்ந்ததும், 1968இல் மடத்தை விட்டு வெளியேறியதும் இதே கதையின் மென்மையான கிளை. மணிலாவில் 2011இல் மிதியோ குரூஸ் என்ற கலைஞர் சுவர் முழுதும் புனிதர் படங்களையும் நாட்காட்டிகளையும் விளம்பரங்களையும் ஒட்டி, இடையிடையே ஆண்குறி வடிவங்களையும் பொருத்தியபோது காட்சியே மூடப்பட்டது. அது கடுமையான கிளை.

இந்தியாவில் இதற்கு மிக நெருங்கியவர் கோவாவின் பிரான்சிஸ் நியூட்டன் சூசா (1924-2002). சிறு வயதில் பெரியம்மையில் பிழைத்ததற்காகத் தாய் சவேரியாருக்குச் செய்த நேர்ச்சையால் பிரான்சிஸ் என்ற பெயர் பெற்ற அவர், கோட்டு அணிந்து உடலில் அம்பு தைத்த ‘திருவாளர் செபஸ்தியார்’ என்ற நகர மனிதரை 1955இல் வரைந்தார்; 1959இல் வரைந்த சிலுவைச் சாவில் கிறிஸ்துவின் முகத்தை முள்ளும் பல்லுமாக்கினார். பின்னர் வழவழப்பான பத்திரிகைப் பக்கங்களின் மையை இரசாயனத்தால் கரைத்து, அதன்மேலேயே கோடிட்டு அவர் செய்த படங்கள் பாப் கலையின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. பூபேன் கக்கர் 1965இல் பம்பாயில் தெய்வப் படங்களை ஒட்டிச் செய்த காட்சி வேறு சமயத்தைச் சேர்ந்தது என்றாலும் உத்தியில் உரிபேக்கு உறவு. தமிழகத்தில் சென்னைக் கலைப்பள்ளியைச் சேர்ந்த கே.சி.எஸ். பணிக்கரும் தனபாலும் செம்புத் தகட்டை அடித்து உருவம் எழுப்பிய பி.வி. ஜானகிராமும் கிறிஸ்துவை எடுத்தாண்டபோது, துன்புறும் மனிதரையே கண்டார்கள். நாட்காட்டிக் கிறிஸ்துவை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உயர்கலை பயின்றவர்களுக்குச் சிவகாசி கேலிக்குக்கூடத் தகுதியற்றதாகத் தோன்றியிருக்க வேண்டும். அது ஓர் இழப்பே.

சட்டம் ஒரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. சமய உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கிய 295ஏ பிரிவு 1927லேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2016 டிசம்பரில் கேரளத்தின் ‘பாஷாபோஷிணி’ இதழ், இறுதி இராவுணவின் சாயலில் கன்னியர் நடுவே அரைநிர்வாணப் பெண்ணைக் காட்டிய டாம் வட்டக்குழியின் ஓவியத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டதும் அச்சத்தின் அளவைக் காட்டுகிறது. ஆயினும் அச்சத்தை மட்டும் காரணமாக்குவது மேலோட்டமானது. கொலம்பியாவில் திரு இருதயத்தைக் கேலி செய்தவர் ஆட்சியைக் கேலி செய்தார். மதுரைச் சமவெளியில் அந்தப் படம் ஆட்சியின் சின்னமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஐயனாரும் பாண்டி முனியும் காவல் நிற்கும் ஊர்களில், சில வீடுகளின் சுவரில், சிறு சிவப்பு விளக்கின் கீழ் அது தொங்கியது. அதைக் கேலி செய்தால் யாருடைய அதிகாரமும் குறையாது. அதிகாரம் இருந்தது வேறிடத்தில்: பங்கின் சாதி வரிசையில்.

அங்கதம் அந்த இடத்துக்குத்தான் போயிற்று. மதுரை மறைப்பணிக்கு உட்பட்டிருந்த வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலுக்கு, இரு சாதியார் ஒருவரை ஒருவர் காணாமல் அமர வசதியாக, பீடத்தில் மட்டும் கூடும் இரண்டு நீண்ட கூடங்கள் அமைந்தன. விரித்துப் போட்ட கால்சட்டையைப் போன்றது என்று அது வருணிக்கப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்ட பின்னும் வழக்கு ஓயவில்லை. எந்தக் கலைஞரும் கற்பனை செய்யத் துணியாத அந்த ஒட்டுச்சேர்க்கையை மறைப்பணியே செங்கல்லில் செய்து வைத்திருந்தது. மதுரையில் சேசு சபையார் நடத்தும் சமுதாயச் சிந்தனைச் செயல் ஆய்வு மையம் 1992இல் வெளியிட்ட பாமாவின் ‘கருக்கு’, கன்னியர் மடத்தின் பக்திக்கும் சேரியின் பசிக்கும் இடையிலுள்ள தொலைவைப் பேச்சுத் தமிழின் நக்கலோடு அளந்தது. ஓர் அமைப்பின் மீதான கூர்மையான கண்டனத்தை அந்த அமைப்பின் பிள்ளைகளே அச்சிட்டுத் தந்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவராயினும், பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டிலும் தாளத்திலும் வழிபாட்டையே மறு ஆக்கம் செய்தார். பாப் கலைஞர் கடைச்சரக்கைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவந்ததைப் போல, பறையைப் பலிபீடத்துக்கு அருகில் கொண்டுவந்ததில் இருந்த எள்ளல், கேட்டவர்களில் சிலரைக் குத்தியிருக்க வேண்டும்.

மற்றொரு இடமும் உண்டு. உயிர்த்த ஞாயிறை ஒட்டி இடைக்காட்டூரிலும் பல பங்குகளிலும் நடக்கும் பாஸ்கு என்ற பாடுகளின் நாடகத்தில், வெள்ளிக்காசை எண்ணிப் பார்க்கும் யூதாசும் குடித்துத் தடுமாறும் சேவகரும் நகைப்புக்கு உரியவர்கள். கூத்தின் கட்டியங்காரன் மரபு அவர்கள் உடலில் புகுந்து, ஏரோதின் அரண்மனையை உள்ளூர் அலுவலகமாக்கிக் கேலி செய்ய இடம் தருகிறது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்துகளும், 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் பாடுகளின் நாடகங்களும் இதே மரபின் கிளைகள். கிறிஸ்து மேடைக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிடும். நடிகர் ஊரார் எல்லாரும் அறிந்த இளைஞராக இருந்தாலும் அப்படித்தான்.

கடலோரப் பங்குகளிலும் உள்நாட்டுப் பங்குகள் சிலவற்றிலும் பெரிய வெள்ளியன்று இந்த நாடகம் சுரூபத்தைக் கொண்டே நிகழும். தோளில் மூட்டு வைத்துச் செய்த பாடுபட்ட சுரூபத்தின் ஆணிகளைக் கழற்றி, கைகளை மடக்கி, போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து தமிழில் வந்து தங்கிய ‘தூம்பா’ என்ற பெட்டியில் கிடத்தி, வியாகுல மாதா பின்தொடர ஊர்வலமாக எடுத்துச் செல்வார்கள். கொன்சாலசின் கட்டிலில் படுத்திருக்கும் எனாமல் கிறிஸ்துவும் தூம்பாவில் படுத்திருக்கும் மரக் கிறிஸ்துவும் ஏறத்தாழ ஒரே கோலத்தில் இருக்கிறார்கள். தூம்பாவைச் சுற்றி நிற்பவர்கள் குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டு, மேலே கிடக்கும் பூவில் ஒன்றை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறார்கள்; பின்னர் சுரூபத்தைத் துடைத்து, துணி சுற்றி, அடுத்த பெரிய வெள்ளிவரை சாமான் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள்.